திரையும் சுட்டியும் அங்கத்தினருக்கும் உரியவை

திரையில் சிறு படங்களைக் காட்டி, ‘மவுஸ்’ என்னும் சுட்டியை நகர்த்தி வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் முறை இன்று எங்கும் பரவியிருக்கிறது. இதற்குமுன் ஆணைச் சொற்களை மனப்பாடம் செய்து பிழையின்றித் தட்டெழுத வேண்டியிருந்தது. ஆகவே கணினி நிபுணர் சிலரின் உடைமையாகவே இருந்து வந்தது.

அமெரிக்காவில், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டக்ளஸ் எங்கெல்பார்ட் சுட்டியைக் கற்பனை செய்தார். பில் இங்கிலீஷ் 1964-ல் அதைச் செய்து முடித்தார். மரப் பெட்டி ஒன்று, அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான், அவ்வளவே. 1968 டிசம்பர் 9-ந் தேதி சான் பிரான்சிஸ்கோவில் எங்கெல்பார்ட் அதனைச் சபையோர்முன் இயக்கிக் காட்டினார். தொலைவிலிருந்த தோழருடன் ஒரே திரையில் கூடி வேலை செய்வதையும் அன்று காட்டினார். கூடி உழைப்பதும் இச்சாதனத்தின் நோக்கமாயிருந்ததை நாம் மறக்கலாகாது. 1984-ல் ஆப்பிள் கம்பெனியின் மக்கின்டாஷ் வெளிவந்தபின் இம்முறை சாமானியரிடையே பரவலாயிற்று.

நம் நாட்டில் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022-ல் ஒப்புதல் அளித்தது. விவசாயிகள் சங்கமாயினும் நெசவாளர் சங்கமாயினும், கணக்கு திரைக்குச் சென்றுவிட்டால் மட்டும் போதுமா? பேரேட்டைப் புரட்டிப் பார்த்த அங்கத்தினர், இன்று திரைக்குப் பின்புறம் நின்று குமாஸ்தாவின் வாய்ச்சொல்லையே நம்ப நேர்ந்தால், அது முன்னேற்றமாகாது. தறியில் நாடாவை ஓட்டும் கைக்குச் சுட்டியை ஓட்டுவது அரிய வித்தையன்று. நூல் வரவையும் கடன் பாக்கியையும் தாமே திரையில் பார்க்க அங்கத்தினர் பழக வேண்டும். அதற்கென மாதம் ஒரு நாளைச் சங்கங்கள் ஒதுக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.