சவாலிராமுக்குக் கடிதம்

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் (இன்று நர்மதாபுரம்) மாவட்டத்தில் 1972ல் 16 பள்ளிகளில் தொடங்கியது அந்தச் சோதனை. கிஷோர் பாரதி, ரசூலியா கிராம மையம் ஆகிய தொண்டு நிறுவனங்களின் முயற்சி. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியலில் மனப்பாடத்துக்கு விடை கொடுத்தார்கள். புத்தகத்தில் கேள்விகள் இருந்தன; பதிலை மாணவர்கள்தான் தேட வேண்டும். இலை சேகரித்தார்கள், பூவைப் பிரித்துப் பார்த்தார்கள், பார்த்ததை எழுதினார்கள். தேர்வுக்கும் புத்தகத்தோடு போகலாம். தீராத சந்தேகத்துக்கு, 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்குக் கடிதம் போடலாம் (இந்தியில் சவால் என்றால் கேள்வி). 'தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லும் துணிச்சல் ஆசிரியருக்குத் தேவைப்பட்டது. 2002ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. ஆனால், 'ஏன்?' என்று கேட்கும் பிள்ளையை அதட்டாமல் இருக்க அரசாணை எதுவும் வேண்டியதில்லை.