பத்துக் குச்சி, ஒரு கட்டு

முதல் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டிலேயே கணக்குச் சொல்லித்தர என்ன வாங்குவது என்று யோசிக்கும் வடசென்னையின் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பெற்றோர் கடையில் கேட்க வேண்டியது ஒன்றே: இந்தப் பொருளில் பத்தை ஒன்றாகக் கட்டவும், கட்டியதைப் பிரிக்கவும் முடியுமா? முடியாதென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஐஸ் குச்சியும் ரப்பர் பேண்டும் இந்தத் தேர்வில் தேறிவிடும். 23 என்றால் இரண்டு கட்டு, மூன்று உதிரி. அதிலிருந்து 8 எடுக்கச் சொன்னால் பிள்ளை மூன்று குச்சியோடு திகைத்து நிற்கும். பிறகு தானே ஒரு கட்டை அவிழ்க்கும். கையில் இப்போது 13 உதிரி. எட்டு போக ஐந்து, கட்டு ஒன்று, விடை 15. ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்று பள்ளியில் மனப்பாடமாக வரும் விதி, இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

பழம், கார், யானை என்று வண்ணமாக இருந்தால்தானே பிள்ளை உட்காரும் என்பார்கள். உட்காரும், ஆனால் யானையோடு விளையாடப் போய்விடும். இதற்குச் சான்றும் உண்டு: நிஜ நோட்டு, காசு போலவே இருக்கும் விளையாட்டுப் பணத்தை வைத்துக் கணக்குப் போட்ட பிள்ளைகள், படமில்லாத வெறும் பணத்தை வைத்துப் போட்டவர்களைவிட அதிகம் தவறியதை அமெரிக்காவில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்கள் செய்த தவறுகளில் கருத்துப் பிழை குறைவு என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதனால் காசை ஒதுக்க வேண்டியதில்லை. முதலில் குச்சி, பிறகு காசு. பல்லாங்குழி எண்ணிப் பழக நல்லது, பத்தைக் கட்ட உதவாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சோழியும் புளியங்கொட்டையும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

குச்சிக்கு அடுத்தபடி தரையில் சாக்பீஸால் வரிசையாகப் பத்துக் கட்டம் போட்டு, 1 முதல் 10 வரை எழுதினால் போதும். இப்படி நேர்வரிசைக் கட்டத்தில் காய் நகர்த்தி விளையாடிய சிறுபிள்ளைகளின் எண்ணறிவு சில அமர்வுகளிலேயே உயர்ந்ததை ஆய்வாளர்கள் சீக்லரும் ரமணியும் 2008-ல் காட்டினார்கள். எண்ணுக்குப் பதில் வண்ணம் தீட்டிய கட்டத்தில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. நான்கில் நிற்கும் காயை இரண்டு கட்டம் நகர்த்தும்போது ‘ஒன்று, இரண்டு’ அல்ல, ‘ஐந்து, ஆறு’ என்று சொல்ல வைக்க வேண்டும்.

இதெல்லாம் பள்ளியின் வேலை, நமக்கு ஏது நேரம், ஏது படிப்பு என்ற கேள்வி நியாயமானது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003-லேயே செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. 2022-ல் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் வந்தது. ஆனால் ஒரு வகுப்பில் எல்லாப் பிள்ளையும் கட்டை அவிழ்த்து முடிக்கும்வரை ஆசிரியரால் காத்திருக்க முடியாது. வீட்டில் முடியும்; ஷிப்ட் முடிந்து வந்தபின் பத்து நிமிடம் போதும். படிப்பைப் பற்றிய தயக்கமும் வேண்டாம். காசிமேட்டில் கூறு போட்டு மீன் விற்று, மனத்திலேயே மீதிச் சில்லறை கணக்கிடும் பெண்ணுக்குக் கணக்குத் தெரியாது என்று யார் சொன்னது? சந்தைக் கணக்கு தானாகப் பள்ளிக் கணக்காக மாறுவதில்லை, அவ்வளவுதான். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்கள் மனக்கணக்கில் தேர்ந்தும் தாளில் திணறுவதை 2025-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு பதிவு செய்தது. ஆகவே ஒவ்வொரு முறை கட்டை அவிழ்த்ததும் அதையே சிலேட்டில் எழுத வைக்க வேண்டும். எழுதாத விளையாட்டு பாதி வேலைதான்.

பிள்ளை குச்சியையே நம்பிக் கிடக்குமே என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. எப்போது கட்டை அவிழ்க்க வேண்டும், எத்தனை மிஞ்சும் என்று தொடாமலே சொன்ன நாளில் குச்சியை எடுத்து வைத்துவிடலாம். மூன்றிலக்க எண் வரும்போது பத்துக் கட்டை ஒரு பையில் போட்டு, நூறு என்று மறுபடி கையில் கொடுக்கலாம்.