பி.ஈ. படித்தவன் ஒயர் பிடித்தால் என்ன குறைந்துவிடும்?

'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்பது பழைய திட்டு. நகரத்தில் மேய்க்க மாடு கிடைக்காததால், அந்த இடத்துக்கு இப்போது மெக்கானிக்கும் எலக்ட்ரீஷியனும் வந்துவிட்டார்கள். மார்க் குறைந்தால் "ஐ.டி.ஐ.லதான் போய் சேரணும்" என்று மிரட்டல். இப்படி வளர்ந்த ஒருவன் பி.ஈ. முடித்து, நாலு வருஷம் கம்ப்யூட்டரை வெறித்துப் பார்த்துவிட்டு, இருபத்தாறு வயதில் "வேலையை விட்டுட்டு எலக்ட்ரீஷியன் ஆகலாம்னு இருக்கேன்" என்றால் வீடு எப்படி இருக்கும்? இழவு வீடு தோற்றுப்போகும்!

வரும் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

"இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வச்சது இதுக்கா?"

செலவான பணம் செலவானதுதான். பிடிக்காத வேலையில் இன்னும் முப்பது வருஷம் உட்கார்ந்தால் அந்த ஃபீஸை காலேஜ் திருப்பித் தரப்போகிறதா என்ன? போனது பணம் மட்டும்தான் என்றிருப்பதை, போனது ஆயுளும் என்று ஆக்குவதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

"படிப்பு ஏறாதவன் செய்யுற வேலையாச்சே?"

இதைச் சொல்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாக இருக்கிறது? சொருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. ஸ்விட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டால் என்ன ஆகும்? பல்பு அணைந்துவிடும். ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். 'ஆஃப் பண்ணியாச்சே' என்று நம்பிக் கை வைப்பவரின் கதி? 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே சப்ளையைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஏன் வேண்டும், எம்.சி.பி. மட்டும் இருந்தால் ஏன் போதாது? இதெல்லாம் தெரிந்தவன்தான் எலக்ட்ரீஷியன். படிப்பு ஏறாதவனிடம் இதை ஒப்படைக்கலாம் என்று நினைப்பவர்கள், தங்கள் வீட்டுக் குழந்தை ஃபிரிட்ஜ் கதவைத் தொடும் ஒவ்வொரு முறையும் அந்த நினைப்போடு சூதாடுகிறார்கள்.

"அப்போ குலக்கல்விக்கே திரும்பப் போகலாம்னு சொல்றீங்களா?"

கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் எழுப்பும் ஆட்சேபம் இது. நியாயமான பயமும்கூட. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில். எதிர்ப்பு கிளம்பியது. 1954-இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். நல்ல வேளை! ஆனால் அங்கே தவறு தொழில் கற்பதில் இல்லை, பிறப்பு தொழிலைத் தீர்மானிப்பதில் இருந்தது. படித்து முடித்து, விவரம் தெரிந்து, ஒருவன் தானாகத் தேர்ந்தெடுப்பது அதற்கு நேர் எதிரானது. கைவேலை செய்பவன் தாழ்ந்தவன் என்ற எண்ணமும் அதே குலக்கணக்கிலிருந்து வந்ததுதான். அதை ஒழிக்காமல் குலக்கல்வியை எதிர்த்து என்ன பயன்?

கோவை கொண்டாடும் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்டவர். இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் 1937-இல் அவர் பட்டறையிலிருந்துதான் வந்தது. அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசும் அதே வாய்தான் 'ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறவனுக்குப் பொண்ணு யார் குடுப்பா' என்றும் கேட்கிறது.

இனி, கனவு காண்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். யூடியூப்பில் நாலு வீடியோ பார்த்துவிட்டு டெஸ்டரோடு கிளம்புவதற்குப் பெயர் தொழில் மாற்றம் இல்லை. ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படிப்பு இரண்டு வருஷம். படிக்காமல் அனுபவத்தில் வருகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் மின்கம்பி உதவியாளர் தகுதித் தேர்வு இருக்கிறது, அதற்கும் ஐந்து வருஷ அனுபவம் கேட்கிறார்கள். மாதச் சம்பளம் போய் நாள் கணக்கு வரும். மழைக்காலத்தில் வேலை குறையும். பி.எஃப். கிடையாது, லீவ் போட்டால் வருமானம் கிடையாது. ஏணியும் கரண்ட்டும் யாருடைய டிகிரியையும் கேட்பதில்லை. இதையெல்லாம் எண்ணிப் பார்த்து, இரண்டு வருஷத்துக்குக் கையில் காசு வைத்துக்கொண்டு இறங்குபவன் முட்டாள் இல்லை. பாஸ் மேல் கோபம் வந்ததற்காக இறங்குபவன்தான் முட்டாள்.

கடைசியாக, இந்த ஏளனத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஷோரூமில் ஏ.சி.க்குக் கேட்ட பணத்தைக் கட்டுகிறவர், அதற்கு லைன் இழுக்க வருபவரிடம் இருநூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறார். லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்பதில்லை, 'எவ்வளவு குறைப்பே' என்றுதான் கேட்கிறார். குறைத்தால் அவனும் குறைப்பான். முதலில் குறைவது எர்த்திங், அடுத்து ஒயரின் கனம். மதிப்பில்லாத வேலைக்குக் கெட்டிக்காரர்கள் வர மாட்டார்கள். வந்தவர்களும் பிள்ளைகளை வர விட மாட்டார்கள். மிச்சம் இருப்பது அரைகுறை. அந்த அரைகுறை போட்ட ஒயரிங், திட்டியவர் வீட்டுச் சுவருக்குள்தான் ஓடுகிறது.

ஆகவே மகன் ஐ.டி.ஐ. விண்ணப்பத்தோடு வந்து நின்றால் தலையில் கை வைக்க வேண்டாம். "ஒழுங்காக் கத்துக்குவியா, லைசன்ஸ் வாங்குவியா?" என்று மட்டும் கேட்டால் போதும்.