60 முதல் 70 வயது வரை யார் பொறுப்பு? - மூத்த குடிமக்கள் மருத்துவக் காப்பீடு: ஒரு பார்வை

புதுடெல்லி: தனியார் நிறுவனத்தில் பணியாற்றி 60 வயதில் ஓய்வுபெறும் ஒருவருக்கு, அலுவலகம் அளித்துவந்த குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடுகிறது. வருமான வரம்பின்றி ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை வழங்கும் மத்திய அரசின் 'ஆயுஷ்மான் வய வந்தனா' அட்டையோ 70 வயதை எட்டிய பிறகே கிடைக்கும். இடைப்பட்ட பத்து ஆண்டுகளுக்கு அவர் தம் சொந்தப் பணத்தில் பாலிசி எடுத்தாக வேண்டும்.

மூத்த குடிமக்களுக்கான காப்பீட்டில் கடந்த சில ஆண்டுகளில் அடுத்தடுத்து மாற்றங்கள் அறிவிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை வரவேற்கத்தக்கவையே. எனினும், இந்தப் பத்து ஆண்டு இடைவெளியின் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு அவை இன்னும் விடையளிக்கவில்லை.

காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் (ஐஆர்டிஏஐ) 2024 ஏப்ரல் 1 முதல் 65 வயது என்ற வரம்பை நீக்கியது. 'தடை நீங்கியது' என்றே அப்போது பல செய்திகள் வெளியாகின. உண்மையில் பழைய விதி தடை அன்று. குறைந்தபட்சம் 65 வயது வரையிலானோருக்குப் பாலிசியில் சேர வாய்ப்பளிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அதற்கு மேற்பட்ட வயதினரைச் சேர்ப்பது நிறுவனங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டிருந்தது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. அதாவது, நீரிழிவு நோயுள்ள ஒருவர் 60 வயதில் புதிதாகப் பாலிசி எடுத்தால், அந்நோய்க்கான முழுப் பயனைப் பெற 63 வயது வரை காத்திருக்க நேரிடலாம்.

கதவு திறந்தபின் எழுந்தது கட்டணப் பிரச்சினை. மூத்த குடிமக்களுக்கான பிரீமியம் கடுமையாக உயர்த்தப்படுவதைக் கவனித்த ஆணையம், ஆண்டுக்கு 10 சதவீதத்திற்கு மேல் உயர்த்துவதாயின் முன்கூட்டியே தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என 2025 ஜனவரி 30 அன்று உத்தரவிட்டது. உச்சவரம்பு ஆறுதலானதுதான். ஆனால் ஒரு சிறு கணக்கைப் பார்க்க வேண்டும். 60 வயதில் ரூ.40 ஆயிரம் பிரீமியம் செலுத்துபவருக்கு ஒவ்வோர் ஆண்டும் அனுமதிக்கப்பட்ட 10 சதவீதம் உயர்த்தப்பட்டால், 70 வயதில் அத்தொகை ரூ.1.03 லட்சத்தைத் தாண்டிவிடும். ஓய்வூதியம் இல்லாத குடும்பத்தில் அதற்கு முன்பே பாலிசி கைவிடப்படும் வாய்ப்பு அதிகம்.

டெல்லியில் 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், தனிநபர் ஆயுள் மற்றும் மருத்துவக் காப்பீட்டின் மீதான 18 சதவீத வரியை முற்றிலும் விலக்க முடிவெடுத்தது. இது செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இது ரூ.7,200 மிச்சம். அதேவேளை, முகவர் கழிவு, வாடகை போன்ற செலவுகளுக்குச் செலுத்தும் வரியை நிறுவனங்கள் இனி உள்ளீட்டு வரி வரவாக ஈடுசெய்ய இயலாது. அந்தச் சுமை அடிப்படைக் கட்டணத்தில் ஏறினால் மிச்சத்தின் ஒரு பகுதி கரைந்துவிடும்.

பிரீமியத்தைக் கணக்கிடுவோர் 'ஆக்சுவரி' எனப்படும் காப்பீட்டுக் கணிப்பாளர்கள். எந்த வயதினர் எத்தனை பேர் நோயுறுவர், சிகிச்சைக்கு எவ்வளவு செலவாகும் என்பதைக் கடந்தகாலப் பதிவுகளிலிருந்து மதிப்பிடுவது இவர்கள் பணி. ஆயுள் காப்பீட்டிற்கு இந்தியர்களின் இறப்பு விகித அட்டவணை உள்ளது. 2012-14 அனுபவத்தை அடிப்படையாகக் கொண்ட அட்டவணை 2019 ஏப்ரல் முதல் பயன்பாட்டில் உள்ளது. முதியோரின் நோய் அனுபவத்திற்கு அத்தகைய உறுதியான அடித்தளம் இல்லை. பல ஆண்டுகளாக முதியோர் குறைவாகவே பாலிசிகளில் சேர்க்கப்பட்டதால், பதிவுகளும் குறைவு. பதிவு குறைந்த இடத்தில், எச்சரிக்கைக்காகக் கட்டணம் கூட்டி வைக்கப்படுகிறது.

இத்துறைக்கு இது புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இயங்கிய அயல்நாட்டு ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், இந்தியர்களின் உயிரை 'கூடுதல் ஆபத்து' என வகைப்படுத்தி அதிகக் கட்டணம் வசூலித்தன. 1870-இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் நிறுவனம் இயல்பான கட்டணத்தில் இந்தியர்களுக்குப் பாலிசி வழங்கியது. ஓர் இனத்தின் மீதான பாகுபாட்டையும் முதுமையையும் ஒன்றாக்க முடியாது. முதுமையில் செலவு கூடுவது உண்மையே. ஆனால் எவ்வளவு கூடுகிறது என்பதை ஊகத்திற்கு விட வேண்டியதில்லை.

அதற்கான தரவு அரசிடமே சேர்ந்து வருகிறது. வய வந்தனா திட்டம் 2024 அக்டோபர் 29 அன்று டெல்லியில் தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 6 கோடி முதியோரை உள்ளடக்கும் நோக்கம் கொண்ட திட்டம் இது. டெல்லி யூனியன் பிரதேசம் 2025 ஏப்ரலில் ஆயுஷ்மான் பாரத்தில் இணைந்தது; டெல்லி அரசின் பங்கும் சேர்ந்து இங்கு வரம்பு ரூ.10 லட்சமாகிறது. எந்த நோய்க்கு, எந்த வயதில், என்ன தொகையில் சிகிச்சை நடந்தது என்ற பதிவுகள் தேசிய சுகாதார ஆணையத்தில் குவிகின்றன. பெயர், அடையாளம் நீக்கி அவற்றைக் கணிப்பாளர்களுக்கு வழங்கினால், அச்சத்திற்காக வைக்கப்படும் கூடுதல் தொகையைக் குறைக்கும்படி ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களைக் கேட்கவும் முடியும்.

கட்டண வடிவத்தையே மாற்றிய நாடுகளும் உண்டு. ஜெர்மனியில் தனியார் மருத்துவக் காப்பீடு பெற்றோர் 21 முதல் 60 வயது வரை 10 சதவீதம் கூடுதலாகச் செலுத்துகின்றனர்; 2000-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டில், சேமித்த தொகை 65 வயதுக்குப் பின் பிரீமிய உயர்வைக் கட்டுப்படுத்தப் பயன்படுகிறது. ஆஸ்திரேலியாவில், 30 வயதுக்குப் பின் மருத்துவமனைக் காப்பீடு எடுக்கத் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 சதவீதம் கட்டணம் கூடும். அந்த முறை இந்தியாவுக்குப் பொருந்துமா என்பது ஐயமே. இங்கே தாமதத்திற்குக் காரணம் பெரும்பாலும் அலட்சியமன்று, கையில் பணம் இல்லாமையே. ஜெர்மானிய முறை நிலையான ஊதியம் பெறுவோருக்கேனும் பரிசீலிக்கத்தக்கது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் இன்றைய பாலிசியில் இளமையில் செலுத்திய தொகை முதுமைக்கெனத் தனியே சேர்வதில்லை.

இந்த இடைவெளி எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. டெல்லியில் பெருமளவில் வசிக்கும் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சிஜிஎச்எஸ் உண்டு. தகுதிபெற்ற ஏழைக் குடும்பங்கள் வயது வேறுபாடின்றி ஆயுஷ்மான் பாரத்தில் அடங்குகின்றன. எஞ்சுவோர், சிறு வணிகர்களும் தனியார் நிறுவனங்களிலிருந்து ஓய்வுபெற்றோருமே.

2047-க்குள் அனைவருக்கும் காப்பீடு என்பது ஆணையத்தின் இலக்கு. 2050-இல் மக்கள்தொகையில் 20.8 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்திருப்பர் என ஐ.நா. மக்கள்தொகை நிதியம் கணித்துள்ளது. 1980-இல் பிறந்த ஒருவருக்கு அந்த இலக்கு ஆண்டில் வயது 67. தற்போதைய விதி தொடர்ந்தால், வய வந்தனா அட்டைக்கு அவர் மேலும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.