ஊரைக் கேட்டார்களா?

நாடு என்றால் என்ன? மலையா? ஆறா? ஆண்டவர்களின் பெயர்ப் பட்டியலும், அவர்கள் கட்டிய கோட்டையுமா? வரலாற்று ஏடுகளைப் புரட்டினால் அப்படித்தான் தோன்றும். பல்லவன் வந்தான், சோழன் வந்தான், நவாபு வந்தார், பிரெஞ்சுக்காரன் வந்தான் – போனான்! வந்தவன் பெயர் தெரிகிறது. போனவன் பெயரும் தெரிகிறது. வராமலும் போகாமலும், இருந்த இடத்திலேயே இருந்து, ஏரி வெட்டி, ஏர் பூட்டி, நாற்று நட்டு, வந்தவனுக்கும் போனவனுக்கும் சோறு போட்டானே ஒருவன் – அவன் பெயர் மட்டும் தெரியவில்லை!

ஆகவேதான், எந்த நாட்டு வரலாற்றைப் படித்தாலும் தோழர்கள் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்கிறோம். அரசன் ஆணையிட்டான் என்று எழுதியிருக்கும். அதிகாரி திட்டமிட்டார் என்று எழுதியிருக்கும். நல்லது! ஊரைக் கேட்டார்களா? இதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை உரைகல்லாகக் கொண்டு இரண்டு இடங்களை உரசிப் பார்ப்போம். ஒன்று, நடு ஆசியாவிலுள்ள உஸ்பெகிஸ்தான். மற்றொன்று, நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள். "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா?" என்று நகைப்போர் நகைக்கட்டும். முடிச்சு இருக்கிறதா இல்லையா என்பதைப் படித்து முடித்த பின் சொல்லட்டும்.

உஸ்பெகிஸ்தான் நமக்கு முற்றிலும் புதிய பெயரன்று. 1966 சனவரியில் லால் பகதூர் சாஸ்திரி உயிர் நீத்த தாஷ்கண்ட் நகரம்தான் இன்று அந்நாட்டின் தலைநகரம். அங்கே சாமர்க்கண்ட் என்றொரு பழம்பெரும் நகரம். தைமூரின் தலைநகர். தைமூர் என்றதும் வாளும் குருதியும் நினைவுக்கு வரும். ஆனால் அவன் பேரன் உலுக் பெக் வாளைவிட வானத்தை விரும்பினான். சாமர்க்கண்டிலே வான் ஆய்வுக் கூடம் அமைத்து, 1018 விண்மீன்களுக்கு இடம் குறித்துப் பட்டியல் எழுதி வைத்தான். தொலைநோக்கி கண்டுபிடிக்கப்படாத பதினைந்தாம் நூற்றாண்டில்! அந்த அறிவாளனுக்குக் கிடைத்த பரிசு? 1449-ல், பெற்ற மகனே அவனைக் கொல்ல வைத்தான். ஆய்வுக் கூடம் பாழாயிற்று. அதன் அடித்தளத்தை 1908-ல்தான் மண்ணிலிருந்து தோண்டி எடுத்தார்கள்.

இன்னொருவரையும் தோழர்கள் அறிய வேண்டும். அலிஷேர் நவாய் என்ற கவிஞர். இன்றைய ஆப்கானிஸ்தானத்தில் உள்ள ஹெராத்தில் வாழ்ந்தவர், 1501-ல் மறைந்தவர். அரண்மனை மொழி பாரசீகம், அறிஞர் மொழி பாரசீகம், துருக்கியமோ குதிரை மேய்ப்பவன் பேசும் மொழி என்று ஏளனம் செய்த காலம் அது. நவாய் என்ன செய்தார்? பாரசீகமும் நன்கு கற்றவர், தம் மக்களின் துருக்கிய மொழியிலேயே காவியங்கள் படைத்தார். இரு மொழிகளையும் ஒப்பிட்டு, தம் மொழி எதிலும் தாழ்ந்ததன்று என்று வழக்காடித் தனி நூலே எழுதினார். உஸ்பெக் மக்கள் இன்றும் அவரைத் தம் இலக்கியத்தின் தந்தையாகப் போற்றுகிறார்கள். மொழிக்காக வாதாடுவது தமிழன் மட்டும் கண்ட பித்தம் என்று பேசுவோர் நவாயின் வரலாற்றைப் படிக்கட்டும்!

அந்த மக்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பெயர் ஹஷார். வாய்க்கால் தூர்ந்தால், தெருவில் ஒருவன் வீடு கட்டினால், ஊர் கூடும், மண்வெட்டியோடு கூடும். கூலி இல்லை, சோறு உண்டு. நம்மூரில் குடிமராமத்து என்கிறோமே, அதற்கு உடன்பிறப்பு அது!

சரி, கேள்விக்கு வருவோம். இத்தகைய மக்களை ஆண்டவர்கள் கேட்டார்களா? 1865-ல் ஜார் மன்னனின் படை தாஷ்கண்டைப் பிடித்தது; 1868-ல் சாமர்க்கண்டைப் பிடித்தது. கேட்டுவிட்டா பிடித்தார்கள்? ஜார் ஒழிந்தான்; பொதுவுடைமை அரசு வந்தது. பள்ளிக்கூடங்கள் பெருகின, பெண்கள் படித்தார்கள் – இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் 1924-ல் எல்லைக்கோடு மாஸ்கோவில் தீட்டப்பட்டது. அரபு எழுத்தில் எழுதிய மக்களை இலத்தீன் எழுத்துக்கு மாற்றினார்கள். அது கையில் பழகுவதற்குள், 1940-ல் ரஷ்ய எழுத்துக்கு மாற்றினார்கள். விடுதலை பெற்ற பின், 1993-ல் மீண்டும் இலத்தீன் என்று சட்டம் வந்தது. பாட்டன் எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க முடியாத நிலை! எழுத்தைக்கூட ஊரைக் கேளாமல் மாற்றினார்கள்.

எழுத்தோடு நின்றதா? தண்ணீருக்கு வந்தது. உஸ்பெகிஸ்தானுக்கும் கசகஸ்தானுக்கும் இடையே ஆரல் கடல் என்றொரு மாபெரும் ஏரி. 1960-ல் அதன் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர். உலகின் நான்காவது பெரிய உள்நாட்டு நீர்நிலை. ஆமு தாரியா, சிர் தாரியா என்னும் இரண்டு ஆறுகள் அதற்கு உணவூட்டின. "பருத்தி வேண்டும், மேலும் பருத்தி வேண்டும்!" என்றது தலைநகர். வெள்ளைப் பொன் என்று பருத்திக்குப் பட்டம் சூட்டினார்கள். ஆற்றை மறித்தார்கள், வாய்க்கால்களில் திருப்பினார்கள். பாலைவனத்தில் பருத்தி விளைந்தது, உண்மை. கணக்குப் புத்தகம் கொழுத்தது, உண்மை. கடல் செத்தது – அதுவும் உண்மை! ஐம்பது ஆண்டுக்குள் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத அளவுக்குச் சுருங்கிற்று. மொய்னாக் என்னும் துறைமுக ஊரில் மீன்பிடிக் கப்பல்கள் மணலிலே துருப்பிடித்துக் கிடக்கின்றன. காற்றடித்தால் உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதி. திட்டம் தீட்டியவர்கள் படிக்காதவர்களா? பொறியியல் மேதைகள்! அறிவு இருந்தது, இயந்திரம் இருந்தது, பணம் இருந்தது. மொய்னாக் மீனவனை ஒரு வார்த்தை கேட்கும் பழக்கம் மட்டும் இல்லை!

மொய்னாக் இருக்கும் பகுதிக்குக் கரகல்பாகிஸ்தான் என்று பெயர். உஸ்பெகிஸ்தானுக்குள் தன்னாட்சி பெற்ற பகுதி. அதன் உரிமையைக் குறைக்கும் சட்டத்திருத்தம் 2022-ல் முன்வைக்கப்பட்டது. சூலையில் நுக்குஸ் நகரத் தெருக்களில் மக்கள் திரண்டார்கள். உயிர்கள் பலியாயின. அதன் பின்புதான் திருத்தம் கைவிடப்பட்டது. முதலிலேயே கேட்டிருந்தால்?

நடு ஆசியக் கதை கிடக்கட்டும். அதே உரைகல்லை எடுத்துக்கொண்டு நம் மண்ணுக்கு வருவோம்.

புதுவையின் நெற்களஞ்சியம் பாகூர். ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரி. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பெண்ணையாற்று நீரைப் பங்காரு வாய்க்கால் அந்த ஏரிக்குக் கொண்டு வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்கள் வாய்க்கால் வெட்டினார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். கதையோ, நடந்ததோ – வாய்க்காலுக்குப் பெண்ணின் பெயரைச் சொல்லி நன்றி பாராட்டிய மக்கள் நம் மக்கள்!

அந்தப் பாகூரில் 1879-ல் செப்பேடுகள் கிடைத்தன. ஐந்து ஏடுகள்; வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டவை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், வெட்டப்பட்டவை. செய்தி என்ன? பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் கொடை! சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று பெயரும் சொல்லப்படுகிறது.

ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே நம் ஊரில் கல்லூரி இருந்தது என்று மார்தட்டலாம். தட்டுவோம், கல்விக்குக் கொடுத்ததைக் குறைகூற மாட்டோம். ஆனால் கேள்வியை மறக்கலாமா? மூன்று ஊரின் விளைச்சல் கல்விக்கூடத்துக்குப் போயிற்று. அங்கே ஓதப்பட்டவை வேதமும் சாத்திரமும். மூன்று ஊரிலும் உழுதவன் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் உட்கார ஒரு முழம் இடம் இருந்ததா? கொடுத்தவன் பெயர் செப்பேட்டில். பெற்றவர் பெருமை செப்பேட்டில். உழுதவன் மட்டும் வயலில்! ஊரைக் கொடுத்தார்கள், ஊரைக் கேட்டார்களா?

காலம் உருண்டது. 1749-ல் சந்தா சாகிபு, தமக்குப் படை உதவி செய்த பிரெஞ்சுக்காரருக்கு நன்றிக் கடன் செலுத்த எண்ணினார். வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைத் தூக்கிக் கொடுத்தார். தாம்பூலத் தட்டில் வைத்து வெற்றிலைபாக்குக் கொடுப்பதுபோல ஊரைக் கொடுத்தார்! மூன்றாண்டு கழித்து, 1752-ல், அதே பாகூர் வெளியில் ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின. வென்றது ஆங்கிலப் படை. மிதிபட்டது யார் வயல்? 1848-ல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் கப்பல் ஏறியவர்களில் நம் பக்கத்துத் தமிழர் எத்தனை எத்தனை பேர்!

ஆனால், கேளாதவனைக் கேட்க வைக்கவும் நம் மக்கள் கற்றுக்கொண்டார்கள். 1936 சூலை 30-ல் புதுவை ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கி வெடித்தது; 12 பேர் மடிந்தனர். அந்தக் குருதிக்குப் பின்னரே எட்டு மணி நேர வேலை என்ற உரிமை சட்டமாயிற்று.

பிறகு வந்தது 1954 அக்டோபர் 18. இடம், வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூர். புதுவை, காரைக்கால் பகுதிகளின் சட்டமன்றத்துக்கும் கொம்யூன் மன்றங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பேர் அந்தச் சிற்றூரில் கூடினார்கள். இந்தியாவோடு சேர்வதா, வேண்டாமா? சேர்வோம் என்றோர் 170. வேண்டாம் என்றோர் 8. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படியும் அது நிறைவேறியது.

"மக்களை நேராகக் கேட்கவில்லையே, 178 பேரைத்தானே கேட்டார்கள்?" என்று ஒருவர் வாதாடலாம். நியாயமான வாதம். சந்திரநாகூரில் 1949-ல் மக்களையே நேராகக் கேட்டார்கள். அதுவே மேலான முறை என்போம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். செப்பேட்டுக் காலத்திலே கேட்கவில்லை, சந்தா சாகிபு கேட்கவில்லை, வெள்ளைக்காரன் கேட்கவில்லை. இந்த மண்ணின் தலைவிதியை முடிவு செய்ய, ஊர் தேர்ந்தெடுத்தவர்களைக் கூப்பிட்டு "உன் கருத்து என்ன?" என்று கேட்டது கீழூரில்தான்! கேட்கப்பட்டவர்களில் கொம்யூன் மன்ற உறுப்பினர்களும் இருந்தார்கள் என்பதைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். சாக்கடைக்கும் தெருவிளக்கும் மட்டும் பேசுகிறவன் என்று எண்ணப்பட்டவன், ஒரு நாட்டின் எல்லையையே முடிவு செய்தான்!

அத்தகைய கொம்யூன் மன்றங்களுக்குப் பிறகு நேர்ந்தது என்ன? 1968-ல் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006-ல்! இடையிலே 38 ஆண்டு! 1968-ல் பிறந்த பிள்ளை வளர்ந்து, மணமுடித்து, தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகுதான் முதல் தடவையாக ஊராட்சிக்கு வாக்களித்தது. 2006-ல் வந்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. பத்தாண்டு கடந்தும் மறு தேர்தல் வரவில்லை. 2021-ல் அறிவிப்பு வந்தது. வழக்கில் சிக்கி நின்றது. ஆளும் கட்சிகள் மாறின. நாற்காலியின் வெறுமை மாறவில்லை.

"அதிகாரிகள் இருக்கிறார்களே, வேலை நடக்கிறதே!" என்கிறார்கள். ஆரல் கடலுக்கும் அதிகாரிகள் இருந்தார்கள்! அதிகாரி நல்லவராகவே இருக்கட்டும். மாற்றல் ஆணை வந்தால் பெட்டியைக் கட்டுவார். புதுவை வட்டாரத்திலே 84 ஏரிகள் உண்டு. எந்த ஏரியின் வரத்து வாய்க்கால் எந்த மனைப்பிரிவுக்கு அடியில் மறைந்தது என்பதை ஊரான் அறிவான். எந்த மதகு ஒழுகுகிறது என்பதை மடைக்காரன் அறிவான். பிரெஞ்சுக்காரன் காலத்தில்கூட ஏரிப் பாசனக்காரர் கூடி, சிந்திக்கா என்ற பெயரில் சங்கம் வைத்து, தண்ணீரைப் பங்கிட்டு, ஏரியைப் பேணினார்கள். அன்று கூடிய ஊருக்கு இன்று கூடிப் பேச ஒரு மன்றம் இல்லையென்றால், அது யாருக்கு வெட்கம்?

வில்லியனூர்த் தேர்த் திருவிழாவைப் பாருங்கள். பிரெஞ்சுக் கவர்னர் காலத்திலிருந்து, ஆளுநரே வந்து வடம் பிடிப்பது அங்கே வழக்கம். அருகிலேயே மாதா கோயில், சுல்தான்பேட்டையில் பள்ளிவாசல். மூவகை மக்களும் ஒரே கடைத்தெருவில் அண்ணன் தம்பியாய்ப் பழகும் ஊர். நாம் கேட்பது ஒன்றுதான். ஆளுநர் கை பட்டதும் தேர் நகர்ந்துவிடுமா? பின்னால் நின்று இழுக்கும் ஆயிரம் கைகளல்லவா நகர்த்துகின்றன! தேரிழுக்க ஆயிரம் கை வேண்டும்; ஊராள மட்டும் அந்தக் கைகள் வேண்டாமா?

தோழர்களே! ஆளுக்கொரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர் ஏரியின் பரப்பு, வரத்து, மதகு, ஆக்கிரமிப்பு இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். செப்பேட்டில் இடம் பெறாதவன் பெயர் அந்தக் குறிப்பேட்டிலாவது ஏறட்டும். கொம்யூன் தேர்தல் எப்போது என்று கூட்டந்தோறும் கேளுங்கள்; மாற்றுக் கட்சியாரிடமும் கேளுங்கள், நம்மவரிடமும் கேளுங்கள். தேர்தல் வந்தபின்னும் விடாதீர்கள். வந்தவர் ஊரைக் கூட்டிக் கணக்குச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

ஆகஸ்டு 16-ல் கீழூர் நினைவுத் தூணுக்கு மாலை போட ஆண்டுதோறும் பெரியவர்கள் வருகிறார்கள். மாலை போடட்டும், மகிழ்ச்சி. அந்தத் தூணுக்கு மாலை கிடைத்த காரணம், அன்று அங்கே ஊரின் பிரதிநிதி கேட்கப்பட்டான் என்பதுதான். கேளாத ஆட்சியின் கையிலிருந்து விழும் மாலை, தூணுக்கும் பாரம். தூண் நிற்கும் மண்ணுக்கும் பாரம்!