காவலாளியும் நற்சான்றும்

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் தொகுதியைக் கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்று தாக்கிற்று. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தொழிந்தன. ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. கொழும்பு விவகாரம் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. வெள்ளத்தில் வேளாண்மையை இழந்த படுவான்கரை விவசாயியின் நட்டஈட்டு விண்ணப்பமும், எழுவான்கரைச் சட்டத்தரணி தம் கட்சிக்காரருக்காக எழுதும் காணிக் கடிதமும் மின்னஞ்சலில் கச்சேரிக்குச் செல்லும் காலம் இது.

வைரஸைப் பிடிக்கும் மென்பொருள் காவலிருக்க இது எவ்வாறு நேர்ந்தது என்று கேட்போர் உளர். அக்காவலாளியின் கடமை எதுவென்று முதலில் வரையறுப்போம். கடிதத்தோடு வரும் இணைப்பைச் சோதிக்க வேண்டும். சுருக்கிக் கட்டிய பொதியை அவிழ்க்க வேண்டும். பெயரும் பொருளும் ஒன்றா எனப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகைக் கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ், காதற் கடிதம் எனப் பெயர்சூடி வந்த கட்டளைத் தொடரேயாம். அத்தகைய வேடத்தைக் கலைக்கத் தவறும் காவலாளிக்கு மன்னிப்பில்லை.

ஆனால், கடவுச்சொல்லால் பூட்டிய பொதியை அது எவ்வாறு திறக்கும்? 2004இல் பரவிய 'பேகிள்' வைரஸ் இவ்வழியிலும் நுழைந்தது. கடவுச்சொல்லைக் கடிதத்திலேயே எழுதி, பெறுபவரைக் கொண்டே பூட்டைத் திறப்பித்தது! பூட்டிய பெட்டியின் உள்ளே பாராத சுங்க அதிகாரி 'குற்றமற்றது' என்று முத்திரையிடலாமா? 'பார்க்க இயலவில்லை' என்றல்லவா எழுதவேண்டும்? கடிதத்தின் அடியில் 'வைரஸ் இல்லை' என்று நற்சான்று ஒட்டும் வழக்கத்தை நாம் வன்மையாக எதிர்க்கிறோம். அதே 2004இல் வந்த 'நெட்ஸ்கை' வைரஸ் அந்நற்சான்றைத் தானே எழுதிக்கொண்டு வந்தது. திருடனும் எழுதக்கூடிய சான்றை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

அனுப்பியவர் பெயரைப் பொய்யாக இட்டு வரும் வைரஸுக்காக, பெயர் களவாடப்பட்ட அப்பாவிக்கே குற்றச்சாட்டுக் கடிதம் அனுப்பிய காவலாளிகளும் உண்டு. இது விசாரணையற்ற தீர்ப்பு.

நிற்க, 2023இல் இழந்தவற்றுக்குக் காவலாளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. தயாரித்த நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே கைவிட்ட 2013ஆம் ஆண்டு மென்பொருளை வைத்திருந்தது யார்? காப்புப் பிரதியைத் தாக்குதல் எட்டாத இடத்தில் வையாதது யார்? இவற்றுக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் ஆட்சியாளரே.

மின்னஞ்சலில் வரும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டை அரச அலுவலகங்கள் உடன் அனுப்பவேண்டும். அச்சுப் பிரதியைக் கோவையில் சேர்க்கவேண்டும். கடிதம் அனுப்பியதை நிரூபிக்கும் சுமை விவசாயியின் தலையில் விழலாகாது. இவை நடைமுறைக்கு வரும்வரை, நம் மக்கள் மின்னஞ்சலோடு பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்புவார்களாக.