ரைட் க்ளிக் மெனு யார் வீட்டுத் திண்ணை?

மக்கா, ரொம்ப நாள் வயித்தெரிச்சல். இன்னைக்குக் கொட்டிடறேன்.

போன வாரம் கொடைக்கானலில் இருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். அங்கே 1899-ல் தொடங்கின சூரிய ஆய்வகம் இருக்கில்லையா? (1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் கண்டுபிடித்த இடம்.) தகட்டிலும் ஃபிலிமிலும் எடுத்த பழைய சூரியப் படங்களை டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றைத் தரவிறக்கிய தம்பி, "அண்ணே, டபுள் க்ளிக் பண்ணா எதுல திறக்கணும்னு என்னையே கேக்குது. ஃபைல் கெட்டுப்போச்சு போல, அழிச்சிடவா?" என்றான்.

அடப்பாவி, அது ஃபிட்ஸ் கோப்பு! 1981 முதல் வானியல்காரர்கள் புழங்கும் வடிவம். தலைப்பகுதி முழுக்க வெறும் ஆங்கில எழுத்து, 80 எழுத்துக்கு ஒரு வரி. படத்தின் அளவு முதல் பல விவரங்கள் அதில் இருக்கும். எந்த டெக்ஸ்ட் எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். (வரி பிரியாமல் நீளமாய் ஓடும், கீழே குப்பை எழுத்து வரும். பயப்படாமல் படித்துவிட்டு, சேமிக்காமல் மூடவும்.)

இப்போ மேட்டருக்கு வர்றேன். ரைட் க்ளிக் மெனுவில் ஜிப், ஆன்டிவைரஸ், க்ளவுட் என்று கண்டவனும் வந்து குந்திக்கிறான். பலபேர் நம்மைக் கேட்பதுகூட இல்லை. ஆனா நம்ம எடிட்டரை நாமே அங்கே சேர்க்கணும்னா ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்கணுமாம்! இது என்ன நியாயம்?

சரி, இறங்கிடலாம். ரெஜெடிட்டைத் திறந்து ஹெச்கீ கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், கிளாசஸ், நட்சத்திரக் குறி, ஷெல் என்று வரிசையாய்ப் போங்க. இல்லாததை உருவாக்கிக்கங்க. ஷெல்லுக்குக் கீழே 'எடிட்டரில் திற' என்று ஒரு கீ (தமிழிலேயே வைக்கலாம்!). அதற்குள் கமாண்ட் என்று ஆங்கிலத்தில் இன்னொரு கீ. அதன் டீஃபால்ட் மதிப்பில் எடிட்டரின் முழுப் பாதை, பிறகு ஒரு இடைவெளி, பிறகு "%1". அந்த மேற்கோள் குறியை விட்டால், பெயரில் இடைவெளி உள்ள கோப்பைக் கண்டு பல எடிட்டர்கள் முழிக்கும்.

"ரெஜிஸ்ட்ரியைத் தொட்டா சிஸ்டம் போயிடும்" என்று பூச்சாண்டி காட்டுவார்கள். கண்டதை அழித்தால் போகும்தான். இது உங்கள் கணக்குக்கு மட்டும் உரிய பகுதி. அட்மின் அனுமதிகூட வேண்டாம். பிடிக்கலையா, நீங்க போட்ட கீயை மட்டும் அழிச்சிடுங்க.

2021-ல் வந்த விண்டோஸ் 11 இன்னும் மோசம். இப்படி நாம் சேர்ப்பதையெல்லாம் 'மேலும் விருப்பங்கள்' என்ற கொல்லைப்புறத்துக்குத் தள்ளிடுச்சு. ஷிஃப்ட்டும் எஃப்10-ம் அழுத்தினால் பழைய மெனு வரும். மெனு சுத்தமா இருக்கணும்னு சொல்றாங்க. சுத்தம் நல்லதுதான், ஆனா எதைக் கூட்டித் தள்ளணும்னு வீட்டுக்காரன்தானே சொல்லணும்?

சாதாரண ஆளுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில்: உள்ளே என்ன இருக்குன்னு பார்க்க வழியில்லாமல்தான் அந்தத் தம்பி, நல்லா இருந்த சூரியனை அழிக்கப் பார்த்தான்.

டிஸ்கி: தம்பி இப்போ தலைப்பகுதியைப் படிச்சிட்டு எனக்கே பாடம் எடுக்கிறான் :-)